பிக்ஃபுட் தடயமா, கரடித் தடமா? படத்தைப் பார்த்ததும் முடிவு கட்டாமல் சோதிப்பது எப்படி

மலைத்தடம் (இழையைத் தொடங்கியவர்)

பிக்ஃபுட் என்பது வட அமெரிக்கக் காடுகளில் இரண்டு காலில் நடப்பதாகச் சொல்லப்படும், குரங்கு போன்ற பெரிய உருவம். அமெரிக்க வடமேற்குக் காடுகளில் எடுத்த கால்தடப் படம் எது வந்தாலும் இங்கே இரண்டே பேச்சுதான். ஒரு பக்கம் "சந்தேகமே இல்லை, பிக்ஃபுட்", மறுபக்கம் "எல்லாம் புரட்டு". படத்தில் இருப்பதை அளந்து பார்த்தவர் இரு பக்கமும் அரிது. தடயம் ஒன்று கிடைத்தால் எந்த வரிசையில் சோதிப்பது, எங்கே கால் இடறும் என்பதை மட்டும் இந்த இழையில் வைத்துக்கொள்வோம். இருக்கிறதா இல்லையா என்ற சண்டைக்கு வேறு இழைகள் உண்டு.

பெயர் பிறந்த நிகழ்ச்சியே இதற்கு நல்ல தொடக்கம். 1958-இல் வடக்குக் கலிபோர்னியாவின் பிளஃப் கிரீக் ஓடையை ஒட்டிச் சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். புல்டோசர் ஓட்டுநர் ஜெர்ரி க்ரூ 16 அங்குல நீளத் தடங்களைக் கண்டு பிளாஸ்டர் அச்சு எடுத்தார். ஹம்போல்ட் டைம்ஸ் நாளிதழ் அதை வெளியிட, 'பிக்ஃபுட்' என்ற பெயர் நாடு முழுக்கப் பரவியது. அந்தச் சாலை வேலையின் ஒப்பந்ததாரர் ரே வாலஸ் 2002-இல் இறந்த பிறகு, அவருடைய குடும்பத்தார் மரத்தில் செதுக்கிய பெரிய பாதங்களை எடுத்துக் காட்டினார்கள். அந்த மரப்பாதங்கள் 1958 அச்சுகளோடு சரியாகப் பொருந்துகின்றனவா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. என் கவலை வேறு. 44 வருடம் அச்சு எல்லோர் கையிலும் இருந்தது. அதை மட்டும் வைத்து யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. அச்சோடு சேர்த்து என்னென்ன பதிவாகியிருந்தால் முடிந்திருக்கும்?

கால்தடத்திலிருந்தே தொடங்கலாம். காட்டுவழி அண்ணா, நீங்கள் முதலில் சொல்லுங்கள்.

காட்டுவழி

முதல் விதி: ஒற்றைத் தடத்தை வைத்துப் பேசாதீர்கள். வரிசை வேண்டும். முன்னும் பின்னும் போய்க் குறைந்தது ஆறேழு தடமாவது தேட வேண்டும். மண் இளகிய இடத்தில் ஒரே ஒரு தடம், சுற்றிலும் அதே இளகிய மண், வேறு எதுவும் பதியவில்லை என்றால் அதுவே ஒரு தகவல். அதைக் குறிப்பில் எழுதுங்கள்.

இரண்டாவது, கரடி. வடமேற்கில் பிக்ஃபுட் என்று காட்டப்படும் தடங்களில் கருங்கரடிதான் முதலில் விலக்கப்பட வேண்டிய விலங்கு. அதன் பின்னங்கால் தடம் பெரும்பாலும் 15 முதல் 20 செ.மீ. நீளம், ஐந்து விரல், நீண்ட உள்ளங்கால், குதிகால். மனிதப் பாதம் போலவே தெரியும். ஆனால் மனிதனுக்குப் பெருவிரல் உள்பக்கம், கரடிக்குப் பெரிய விரல் வெளிப்பக்கம். அதனால் கரடியின் வலது தடம் மனிதனின் இடது பாதம் போல் இருக்கும். வரிசையில் எது வலது, எது இடது என்று தெரியாமல் ஒற்றைப் படத்தைப் பார்த்தால் ஏமாறுவது இங்கேதான். முதல் விதியை அழுத்திச் சொல்வது இதற்காகத்தான்.

"20 செ.மீ. எங்கே, 40 செ.மீ. எங்கே?" என்று கேட்பார்கள். கரடி நடக்கும்போது முன்னங்கால் பதிந்த இடத்திலேயே பின்னங்கால் பாதி ஏறி விழும். இரண்டும் சேர்ந்து ஒரே நீண்ட பாதமாகத் தெரியும். 18 செ.மீ. பின்னங்கால், அதற்கு முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் முன்னங்கால் பகுதி, எல்லாம் கூடி 28 முதல் 35 செ.மீ. வரை போகும். கிரிஸ்லி கரடி வாழும் பகுதியானால் பின்னங்கால் மட்டுமே 25 முதல் 30 செ.மீ.; ஏறி விழுந்தால் 40-ஐத் தாண்டும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: வரிசையில் உள்ள எல்லாத் தடத்தையும் அளந்து பாருங்கள். ஒரே பாதம் என்றால் நீளம் ஒன்றிரண்டு செ.மீ.க்கு மேல் மாறாது. இரண்டு கால் சேர்ந்தது என்றால் ஏறி விழும் அளவு அடிக்கு அடி மாறும். நீளமும் 29, 34, 31 என்று ஆடும். நீளமான தடத்தின் நடுவில் டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்து வெளிச்சம் அடியுங்கள். உள்ளங்காலின் குறுக்கே மெல்லிய வளைவாக இன்னொரு விரல் வரிசை தெரியும். சில சமயம் பக்கவாட்டில் இடுப்பு போல ஒடுங்கியிருக்கும். நகக்குறி இல்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள். கருங்கரடியின் நகம் குட்டை, இறுகிய மண்ணில் பல நேரம் பதியாது.

தூறல்

அண்ணா, பனியில்? 2019 ஏப்ரலில் நேபாளத்தின் மகாலு மலை அடிவார முகாம் அருகே எட்டியின் (இமயமலைப் பனிமனிதன்) 32க்கு 15 அங்குலத் தடம் என்று இந்திய ராணுவம் படம் வெளியிட்டதே, அதில் எல்லாத் தடமும் ஒரே கோட்டில் இருந்தது. நாலு கால் மிருகம் எப்படி ஒற்றைக் கோட்டில் போகும்?

காட்டுவழி

தாராளமாகப் போகும் தம்பி. ஆழப் பனியில் எந்த நாலுகால் மிருகமும் சக்தியை மிச்சம் பிடிக்க, முன்னங்கால் போட்ட குழியிலேயே பின்னங்காலைப் போடும். குழிகள் நெருங்கி ஒரே தடம் ஆகிவிடும். அதற்கு மேல் வெயில். குழியின் விளிம்பு உருகி வெளியே விரியும். இரண்டு நாளில் எந்த அளவுக்கும் போகும். 32 அங்குலம் என்பது 81 செ.மீ. அந்த அளவைப் படித்ததும் முதலில் கேட்க வேண்டியது, விளிம்பை அளந்தார்களா, அடியை அளந்தார்களா என்பதுதான்.

பனியில் அளக்க வேண்டியது அடித்தளத்தை. கால் மிதித்த இடத்தில் பனி அழுந்தி இறுகியிருக்கும், அது மெதுவாகத்தான் உருகும். நிறையப் படம் எடுத்து முடித்த பிறகு ஒரே ஒரு தடத்தை மட்டும் தியாகம் செய்து, பாதி வரை நேராக வெட்டிப் பக்கவாட்டில் பாருங்கள். இறுகிய அடுக்கின் நீளம்தான் உண்மையான பாதத்துக்கு அருகில் வரும்.

இன்னொன்று, முயல். வடஅமெரிக்கப் பனி முயல் தாவும்போது நாலு காலும் ஒரு கொத்தாக விழும். பின்னங்கால் இரண்டும் முன்னே அகலமாக, முன்னங்கால் இரண்டும் பின்னே ஒடுங்கி விழும். உருகினால் அது விரல் பக்கம் அகன்று குதிகால் ஒடுங்கிய ஒரு பெரிய பாதம். தாவல் இடைவெளி சீராக ஒரு மீட்டர் இருக்கும். அதை "இரண்டு கால் நடை" என்று எண்ணிவிடுவார்கள். வரிசையைத் தொடர்ந்து போங்கள். நிழல் விழும் மரத்தடியில் உருகாத கொத்து ஒன்று கிடைத்தால் விஷயம் முடிந்தது.

அளவுகோல்

ஆழத்தைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். "பக்கத்தில் நான் மிதித்தேன், அரை அங்குலம்கூட இறங்கவில்லை, அது இரண்டு அங்குலம் இறங்கியிருக்கிறது, அப்படியானால் எடை 350 கிலோ" என்ற கணக்கு எல்லா இடத்திலும் ஓடுகிறது. அது தவறான கணக்கு.

மண்ணை அமுக்குவது எடை இல்லை, அழுத்தம். 70 கிலோ மனிதன் ஒற்றைக் காலில் நின்றால் தரையைத் தொடும் பரப்பு சுமார் 180 சதுர செ.மீ.; அழுத்தம் சதுர செ.மீ.க்கு 0.39 கிலோ. 40 செ.மீ. நீளப் பாதத்தின் பரப்பு சுமார் 450 சதுர செ.மீ. என்று வைத்தால், அதே ஆழம் இறங்க 175 கிலோ வேண்டும். 350 கிலோ இருந்தாலும் அழுத்தம் 0.78தான், அதாவது இரண்டு மடங்கு. ஆனால் ஓடும் மனிதன் தரையில் செலுத்தும் விசை அவன் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு. ஆக, மிதித்தவன் நடந்தானா, குதித்தானா என்று தெரியாமல் ஆழத்திலிருந்து எடைக்குப் போக வழியில்லை.

இதைவிடப் பெரிய பிழை, நேரம். மழை பெய்த இரவில் பதிந்த தடத்தின் பக்கத்தில், மறுநாள் மதியம் காய்ந்த மண்ணில் மிதித்துப் பார்த்து ஒப்பிடுகிறார்கள். மண் மாறிவிட்டது. செய்ய வேண்டியது:

ஒரு இரும்புத் தண்டு, ஒரே உயரம். தடத்துக்கு அரை மீட்டருக்குள் ஐந்து இடத்தில் அதை விட்டு, இறங்கிய ஆழத்தைக் குறியுங்கள். ஐந்தும் ஒன்றுக்கொன்று இரண்டு மடங்கு மாறுபட்டால் அந்த மண்ணை வைத்து எடை பேசக்கூடாது.

அதே சேற்றில் மான், எல்க் (பெரிய வகை மான்), மனிதச் செருப்புத் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். எது எதன் மேல் பதிந்திருக்கிறது? எல்க் குளம்பு மர்மத் தடத்தின் மேல் விழுந்திருந்தால் மர்மத் தடம் முந்தியது. இரண்டும் ஒரே ஈரத்தில் பதிந்தவை என்று விளிம்பைப் பார்த்துச் சொல்ல முடிந்தால், அந்த எல்க் தடம்தான் நல்ல ஒப்பீடு. பல மணி நேரம் கழித்து வந்த நம் செருப்பு ஒப்பீடே இல்லை.

படம் எடுக்கும் முறைக்கும் ஒரு வார்த்தை. கேமரா தடத்துக்கு நேர் மேலே, லென்ஸ் தரைக்கு இணையாக. ஸ்கேலைத் தரையின் மேல் வைக்காமல் பக்கத்தில் சிறு பள்ளம் வெட்டித் தடத்தின் அடிமட்டத்துக்கு இறக்கி வையுங்கள். 5 செ.மீ. ஆழத் தடத்தில் ஸ்கேல் மேலே இருந்தால், அது கேமராவுக்கு நெருக்கமாகிப் பெரிதாகத் தெரியும், தடம் உள்ளதைவிடச் சிறிதாக வரும். வெளிச்சம் நான்கு பக்கத்திலிருந்தும் தனித்தனியாக. ஸ்கேல் இல்லாமல் ஒரு படம், ஸ்கேலோடு ஒரு படம். நாணயம், தீப்பெட்டி, கை இதெல்லாம் அளவே இல்லை.

செம்பருந்து

இவ்வளவையும் ஏற்கிறேன். ஆனால் தோல் ரேகைக்கு என்ன சொல்வீர்கள்? 1982-இல் வாஷிங்டன், ஒரேகன் எல்லையில் புளூ மலைத்தொடரின் மில் கிரீக் பகுதியில் எடுத்த அச்சுகளில் விரல் ரேகை போன்ற கோடுகள் இருந்தன. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக மானுடவியலாளர் குரோவர் கிரான்ட்ஸ் அதை நம்பினார். கைரேகை ஆய்வில் பழுத்த காவல்துறை நிபுணர் ஒருவரும் இன்னும் சில அச்சுகளைப் பார்த்து, மனித ரேகையும் இல்லை, குரங்கு ரேகையும் இல்லை என்றார். மரக்கட்டையில் யார் ரேகை செதுக்குவார்கள்?

அச்சுவார்ப்பு

நியாயமான கேள்வி, செம்பருந்து. பதில் செதுக்குவதில் இல்லை, பிளாஸ்டரில் இருக்கிறது.

மிக நுண்ணிய, உலர்ந்த தூசி மண்ணில் பிளாஸ்டர் கூழை ஊற்றினால், மண் முதலில் கூழின் நீரை உறிஞ்சும். முன்னேறும் விளிம்பு சற்று இறுகி நிற்கும், பின்னால் வரும் கூழ் அதைத் தாண்டி வழியும், மறுபடி இறுகும். ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு மெல்லிய வரப்பு. அவை ஒன்றுக்கொன்று இணையாக, தோல் ரேகை அளவு நெருக்கத்தில் அமையும். மாட் கிரௌலி என்ற ஆய்வாளர் இதைச் சோதனை செய்து காட்டினார். எந்தப் பாதமும் தொடாத மண்ணிலேயே இந்த வரப்புகள் வந்தன. கைரேகை நிபுணர் தோலை நன்றாக அறிந்தவர். மண்ணில் பிளாஸ்டர் எப்படி இறுகும் என்பது வேறு கைத்தொழில்.

பிரித்துப் பார்க்க இரண்டு சோதனை. ஒன்று, கோடுகள் கூழ் ஊற்றிய இடத்தைச் சுற்றி அலை போல விரிகின்றனவா, அச்சின் ஓரத்துக்கு இணையாக ஓடுகின்றனவா? அப்படியானால் அது வழிந்த கோடு. இரண்டு, கட்டுப்பாட்டு அச்சு: அதே மண்ணில், ஒரு மீட்டர் தள்ளி, வழவழப்பான கரண்டியின் முதுகால் ஒரு குழி அமுக்குங்கள். அதே கலவை, அதே நேரம், அதே போல ஊற்றுங்கள். கரண்டிக்குழியில் ரேகை வந்தால், பாதத்தில் வந்த ரேகையும் செல்லாது. இந்த இரண்டாவது அச்சை எடுக்க அரை மணி நேரமும் ஒரு கிலோ மாவும் போதும். அது இல்லாமல் வரும் ரேகை அச்சு எதையும் நான் கணக்கில் எடுப்பதில்லை.

அச்சு வார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். இங்கே படம் போடும் பலரும் இதில்தான் கெடுக்கிறார்கள்.

சாதாரண பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மென்மையானது, கழுவினால் தேயும். பல் மருத்துவர்கள் அச்சுக்குப் பயன்படுத்தும் டென்டல் ஸ்டோன் வாங்குங்கள். 900 கிராம் மாவுக்கு 300 முதல் 350 மில்லி தண்ணீர். ஜிப் பையில் போட்டு மூன்று நான்கு நிமிடம் பிசையுங்கள். பதம் சற்றே தளர்ந்த தோசை மாவு. கெட்டியானால் விரல் இடுக்கில் இறங்காது, நீர்த்தால் இறுகிய பின் மேல்தோல் உதிரும். ஒரு பை கிட்டத்தட்ட 700 மில்லி கூழ் தரும். 40 செ.மீ. தடத்துக்கு 2 செ.மீ. கனத்தில் வார்க்க ஒரு லிட்டர் அளவுக்கு வேண்டும். அதாவது இரண்டு பை, கிட்டத்தட்ட இரண்டு கிலோ மாவு. ஒரே பையோடு போய்ப் பாதியில் நின்றால், அடுத்த கலவை சேரும் இடத்தில் ஒரு மடிப்பு விழும். அந்த மடிப்பைப் பாத மடிப்பு என்று எழுதிய பதிவுகள் உண்டு!

கூழைத் தடத்தின் மேல் நேராக ஊற்றாதீர்கள். பக்கத்தில் ஊற்றி, கரண்டி வழியாக உள்ளே ஓட விடுங்கள். வெயிலில் அரை மணி, குளிரில் ஒரு மணிக்கு மேல் ஆன பிறகு தூக்கலாம். மண்ணை அப்படியே விட்டு 48 மணி நேரம் காய விடுங்கள். அன்றே பிரஷ் போட்டுத் தேய்த்தால் பிரஷ் கோடு விழும். அதுவும் பிறகு ரேகை ஆகிவிடும்.

செம்பருந்து

சரி, கரண்டி அச்சை ஏற்கிறேன். அப்படியானால் நடுப்பாத வளைவு? தடத்தின் நடுவில் குறுக்கே எழும் மண் மேடு. மனிதப் பாதம் விறைப்பான வில், குரங்குப் பாதம் நடுவில் மடங்கும் என்று ஐடஹோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெஃப் மெல்ட்ரம் இதைத்தான் முக்கியச் சான்றாக வைத்தார்.

அளவுகோல்

அந்த மேடு வந்தால் மனிதன் இல்லை என்று சொல்ல முடியாது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு வந்த சுமார் 400 பேரை நடக்க வைத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில் நடுப்பாதம் மடங்கியது. அதோடு, ஈர மணலில் முன்பாதத்தை ஊன்றித் தள்ளினால் மண் பின்னே குவிந்து அதே மேடு வரும். செருப்புத் தடத்திலும் வரும்.

போலிக்கு எதிரான வழக்கமான சோதனையும் ஒருபக்கமாகத்தான் வேலை செய்யும் என்பதை மறக்க வேண்டாம். எல்லாத் தடமும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால், ஓரம் கத்தியால் வெட்டியது போல் நேராக இருந்தால், சரிவில் ஏறும்போதும் விரல் அசையாமல் இருந்தால், கட்டைப் பாதம் என்று சொல்லலாம். ஆனால் விரல் அசைந்திருப்பதால் உண்மை என்று சொல்ல முடியாது. வளையும் ரப்பர் பாதம் செய்வது கடினமான வேலை இல்லை.

வேர்முடி

தடத்தைவிட முடிக்குப் பலம் அதிகம், ஏனென்றால் ஆய்வகத்தில் முடிவு வரும். அதனால்தான் அதில் நடக்கும் தவறும் அதிகம் வலிக்கும்.

1976-இல் பிக்ஃபுட் தேடுநர் பீட்டர் பைர்ன், தோலோடு ஒட்டிய சுமார் 15 முடிகளை ஆராய்ந்து சொல்லும்படி அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யைக் கேட்டுக்கொண்டார். ஆய்வு செய்து மான் முடி என்றார்கள். அந்தக் கோப்பு 2019-இல் பொதுவெளிக்கு வந்தது. 2014-இல் ஆக்ஸ்ஃபோர்டின் பிரையன் சைக்ஸ் குழு, எட்டி, பிக்ஃபுட் என்று உலகெங்கும் இருந்து வந்த முடிகளில் 30-க்கு டி.என்.ஏ. வரிசை எடுத்தது. கரடி, குதிரை, மாடு, நாய் இனம், ரக்கூன், முள்ளம்பன்றி, மான், ஒரு மனிதர். இமயமலையிலிருந்து வந்த இரண்டு முடிகள் பழங்காலப் பனிக்கரடியோடு பொருந்துவதாக அந்தக் குழு சொன்னது. அந்த வாசிப்பு சரியில்லை, சாதாரண இமயமலைப் பழுப்புக்கரடியே போதும் என்று மற்றவர்கள் மறுத்தார்கள். 2017-இல் சார்லட் லிண்ட்க்விஸ்ட் குழு எட்டியின் எச்சங்கள் எனப்பட்ட ஒன்பது மாதிரிகளை ஆராய்ந்தது. எட்டு கரடி, ஒன்று நாய். சைக்ஸ் ஆய்வுக்கு நடந்ததை நான் மதிக்கிறேன். கேள்வி கேட்கும் ஆய்வையும் கேள்வி கேட்டுத் திருத்தினார்கள்.

மாதிரி எடுப்பவருக்கு: கையுறை, சுத்தமான இடுக்கி, காகித உறை. பிளாஸ்டிக் பை ஈரத்தைப் பிடித்துப் பூஞ்சை வளர்க்கும். உறையை நாக்கால் நனைத்து ஒட்டினால் உங்கள் டி.என்.ஏ. உள்ளே போகிறது, டேப் போட்டு ஒட்டுங்கள். வேரோடு பிடுங்கப்பட்ட முடி முக்கியம். வேரில் கரு டி.என்.ஏ. உண்டு, வெறும் தண்டில் பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. மட்டுமே நல்ல நிலையில் கிடைக்கும். அந்த இடத்துக்கு வந்த ஒவ்வொருவரின் கன்ன உட்புற மாதிரியும் தனி உறையில் போக வேண்டும். "மனித டி.என்.ஏ. வந்தது" என்ற முடிவு வந்தால் அது யாருடையது என்று பார்க்க வேறு வழியில்லை.

"அடையாளம் காண முடியவில்லை" என்ற அறிக்கை "புதிய உயிரினம்" என்று பொருள்படாது. மாதிரி கெட்டுப்போனது, இரண்டு மூன்று விலங்கு கலந்துவிட்டது, அல்லது ஒப்பிடும் தரவில் அந்த விலங்கு இல்லை. இந்த மூன்றில் எது என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஆய்வகத்துக்கு முன்னே நுண்ணோக்கி. முடியின் நடுவே ஓடும் மெடுல்லா மனித முடியில் தண்டு அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழ், பல விலங்குகளில் பாதிக்கு மேல். மான் முடியில் கிட்டத்தட்ட முழு அகலமும் தேன்கூடு போல அறைகளாக நிறைந்திருக்கும், வளைத்தால் ஒடியும். 100 மடங்கு பெரிதாக்கினாலே தெரியும்.

தூறல்

ஆனால் அக்கா, அவ்வளவு பெரிய காட்டில் முடி கிடைப்பதே அதிர்ஷ்டம்தானே?

வேர்முடி

அதிர்ஷ்டத்தை நம்பாத முறை உண்டு, கரடிக் கணக்கெடுப்பு. மரங்களைச் சுற்றி முள்கம்பி ஒரு வரி, முழங்கால் உயரத்தில். நடுவே வாசனைப் பொருள். உள்ளே போகும் விலங்கின் முடி முள்ளில் மாட்டும். 2004-இல் வடமேற்கு மொன்டானாவில் கிரிஸ்லிகளை எண்ண இப்படி 30,000-க்கும் மேற்பட்ட முடி மாதிரிகள் சேர்த்தார்கள். 765 கிரிஸ்லிகள் என்று மதிப்பிட்டார்கள். வாசனைக்கு வரும் பெரிய விலங்குக்கு வைத்த பொறி இது. அறியப்படாத வாலில்லாக் குரங்கு எதுவும் வெளிப்படவில்லை. "யாரும் தேடவில்லை" என்று சொல்பவர்கள் இதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரவுக்குரல்

ஒலிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அலறல் என்றால் செந்நரி, மலைச்சிங்கம், எல்க் ஆண் மானின் ஊதல், எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்டு ஆந்தை. இரண்டு பார்டு ஆந்தைகள் சேர்ந்து கத்தும்போது குரங்குக் கூட்டம் என்றே தோன்றும். இது கிழக்கு அமெரிக்கப் பறவை, இருபதாம் நூற்றாண்டில் வடமேற்குக்குப் பரவியது. "இந்தக் காட்டில் இதற்கு முன் கேட்காத குரல்" என்ற சாட்சியத்துக்கு இதுவே விளக்கமாக இருக்கக்கூடும். காதைவிட நெஞ்சில் அதிகம் உணரப்படும் மெல்லிய டம டம ஒலி ரஃப்டு கவுதாரியின் இறக்கையடி. சுமார் 40 ஹெர்ட்ஸ்தான்.

மரத்தில் தட்டும் ஒலிக்கு உறைபனி இரவில் வெடிக்கும் மரம், காற்றில் மோதும் கிளை, மரங்கொத்தி, பிறகு அடுத்த பள்ளத்தாக்கில் அதே வேலையாக வந்திருக்கும் இன்னொரு தேடல் குழு. நாம் தட்ட, அவர்கள் பதில் தட்ட, இரு குழுவும் தனித்தனி அறிக்கை எழுதும் நிலை வரக்கூடாது. யார் யார் அன்றிரவு காட்டில் என்று முன்பே கேட்டு வையுங்கள்.

திசை வேண்டுமானால் இரண்டு பதிவுக்கருவி, 100 மீட்டர் இடைவெளி. ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர். இரண்டுக்கும் இடையே அதிகபட்ச வித்தியாசம் 0.29 நொடி. கடிகாரம் விலகும் என்பதால் தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டுக்கும் நடுவில் நின்று ஒரு கைதட்டல் பதிய வேண்டும். சுருக்கிய எம்.பி.3 வேண்டாம், வேவ் கோப்பு. பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெக்காலே ஒலிநூலகத்தில் அந்தப் பகுதியின் பறவை, பாலூட்டி ஒலிகளோடு ஒப்பிடுங்கள்.

அளவுகோல்

தானியங்கிக் கேமராவுக்கும் இதே மனநிலைதான். 2007-இல் பென்சில்வேனியாவில் வேட்டைக் கேமரா ஒன்றில் மெலிந்த, முடியற்ற, நீண்ட கை கால் கொண்ட உருவம் விழுந்தது. பிக்ஃபுட் குட்டி என்று பரவியது. மாநில வேட்டை விலங்குத் துறை சொறி பிடித்த கரடி என்றது. அதே கேமராவில் சற்று முன்பு கரடிக்குட்டிகள் பதிவாகியிருந்தன. முடி கொட்டிய கரடியை நாம் பார்த்துப் பழகவில்லை, அவ்வளவுதான். படம் கிடைத்தால் கேமராவை அசைக்காமல், 10 செ.மீ.க்கு ஒரு பட்டை வண்ணம் அடித்த 2 மீட்டர் கம்போடு ஒருவரை அதே இடத்தில் நிறுத்தி மறுபடி எடுங்கள். "எட்டடி உயரம்" என்பது பெரும்பாலும் இந்தச் சோதனையில் ஆறடிக்கு வந்துவிடும்.

பிக்ஃபுட் செய்தது என்று காட்டப்படும் வளைந்த மரங்கள், குறுக்காக விழுந்த கம்புகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பனிச்சுமை இளமரத்தை வில்லாக வளைக்கும், காற்று ஒன்றை ஒன்றின் மேல் சாய்க்கும். வேரைத் தோண்டிப் பாருங்கள். வேரோடு சாய்ந்திருந்தால் அது விழுந்த மரம், நட்ட மரம் இல்லை.

செம்பருந்து

பிக்ஃபுட் நடந்து போவதைக் காட்டுவதாகச் சொல்லப்படும் ரோஜர் பேட்டர்சனின் திரைச்சுருள்? 1967 அக்டோபர் 20, அதே பிளஃப் கிரீக்.

அளவுகோல்

அதில் தீர்ப்பு வராததற்குக் காரணம் தெளிவானது. கேமராவின் வேகத்தை மாற்றி வைக்க முடியும். எந்த வேகத்தில் ஓடியது என்று பதிவு இல்லை. நொடிக்கு 16 ஃபிரேம் என்றால் ஒரு நடை, 24 என்றால் வேறு நடை. தூரமும் லென்ஸும் உறுதியாகாமல் உயரமும் உறுதியாகாது. அளவே நிலையில்லாத படத்தில் தசை அசைவைப் பற்றிப் பேசி 50 வருடத்துக்கு மேல் போய்விட்டது. நான் அதை எந்தப் பக்கத்துச் சான்றாகவும் எடுப்பதில்லை.

மலைத்தடம்

எதிர்ப்பக்கத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். படத்தைப் பார்த்ததும் "கரடி" என்று எழுதிவிட்டுப் போவது சந்தேகப் பார்வை ஆகாது. கரடி என்பதும் ஒரு கூற்றுதான். விரல் வரிசையையோ, நகத்தையோ, மாறும் நீளத்தையோ காட்டித்தான் சொல்ல வேண்டும்.

கரடி முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, மேற்கு அமெரிக்காவின் பிக்ஃபுட் பதிவுகளை வைத்து அதன் வாழிடத்தைக் கணித்தபோது அது கருங்கரடியின் வாழிடத்தோடு ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தது. 2024-இல் வந்த இன்னொன்று, மக்கள்தொகையையும் காட்டுப்பரப்பையும் கழித்த பிறகும் கருங்கரடி அதிகமுள்ள மாநிலங்களில் பதிவும் அதிகம் என்று காட்டியது. இவை தொடக்க ஊகத்தைத் தருகின்றன. உங்கள் கையில் உள்ள தடத்தை அளக்கும் வேலையை அவை செய்யாது.

சாட்சியிடம் கேட்கும்போதும் அப்படியே. கரடிப் படத்தையோ பிக்ஃபுட் படத்தையோ முதலில் காட்டாதீர்கள். அவரே முழுவதும் சொல்லட்டும். இருவர் இருந்தால் தனித்தனியாக. தூரம், வெளிச்சம், எத்தனை நொடி என்று பிறகு கேளுங்கள்.

காட்டுவழி

புதியவர்களுக்கு ஒரு பயிற்சிக் கணக்கு, நானே கற்பனையாகப் போட்டது. ஈரமான மரவண்டிப் பாதை. ஏழு தடம். நீளம் செ.மீ.இல்: 30, 33, 29, 34, 31, 30, 35. அகலம் எல்லாவற்றிலும் 11 முதல் 12. நகக்குறி இல்லை. தடங்கள் இடம் வலமாக மாறி மாறி, கால் நுனி சற்று உள்நோக்கி. நான்காவது தடத்தின் மேல் மான் குளம்பு. என்ன எழுதுவீர்கள்?

தூறல்

நீளம் 29-இலிருந்து 35 வரை ஆடுகிறது, அகலம் ஆடவில்லை. ஒரே பாதமாக இருக்க முடியாது; பின்னங்கால் முன்னங்கால் மேல் ஏறி விழுந்த கரடி என்று முதலில் வைப்பேன். உள்நோக்கிய கால் நுனியும் அதோடு சேர்கிறது. நகம் இல்லாததை எந்தப் பக்கமும் எழுத மாட்டேன். மான் குளம்பு மேலே இருப்பதால் தடம் மானுக்கு முந்தியது. அதற்கு மேல் நேரம் தெரியாது. ஏழாவதான 35 செ.மீ. தடத்தின் நடுவில் தாழ்ந்த வெளிச்சத்தில் படம் வேண்டும். அங்கே இரண்டாவது விரல் வளைவு தெரிந்தால் கரடி என்று முடிப்பேன். தெரியாவிட்டால் "கரடியாக இருக்கலாம், உறுதி இல்லை" என்று எழுதுவேன்.

காட்டுவழி

சரியாக இருக்கிறது தம்பி. 29 செ.மீ. தடத்தையும் அதே வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லுங்கள். குட்டையான தடத்தில்தான் முன்னங்கால் பெரும்பகுதி மூடிப் போயிருக்கும். பின்னங்காலின் உண்மையான விரல் வரிசை கலப்பில்லாமல் தெரிவது அங்கேதான். பெரிய விரல் வெளிப்பக்கம் இருக்கிறதா என்பதை அதில் பாருங்கள்.